வெட்டு முடிந்ததும் கோடாலி எங்கே போகிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுதோட, எங்கள் கதை விளையாட்டில் என் சித்தி மகன் தொடர்ந்து ஏழு சுற்றுக்கு ஒரே சொல்லைச் சொன்னான்: "வெட்டுறேன்." பகடை உருளும், படும் அல்லது படாது, அடுத்த ஆள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாள்காரன் அதே ஏழு சுற்றில் ஏய்த்தான், தட்டிவிட்டான், பின்வாங்கிக் குத்தினான், எதிரி கையிலிருந்த ஈட்டியைத் தெறிக்க விட்டான். எட்டாவது சுற்று வந்தபோது சித்தி மகன் பகடையைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க்கா, கோடாலி எடுத்தவனுக்கு வேற வேலையே இல்லீங்களா?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. பதில் கண்டுபிடிக்க எனக்கு நான்கு வாரம் ஆனது.

இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார்; எங்கள் கூட்டத்தில் அது நான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள், அது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நாங்கள் ஐந்து பேர். எனக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் போடுகிற வேலை. சித்தி மகன் இன்ஜினியரிங் கடைசி வருடம். அவனுடைய சிநேகிதர்கள் இரண்டு பேர். அப்புறம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன், பத்து வயதிலிருந்து சிலம்பம் சுற்றுகிறவர். காங்கயம் பக்கம் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில், சாளை (தோட்டத்து வீடு) வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதன்மேல் கேரம் பலகையைக் கவிழ்த்து வைத்து ஆடுகிறோம். எதிரிகள் எல்லாம் புளியங்கொட்டை.

எங்கள் கதை நடப்பது கொடுமணலில் மணி செய்த காலத்தில். சென்னிமலைக்குப் பக்கம், நொய்யல் கரையில் இருக்கிற அதே கொடுமணல்தான். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்கிற ஊர். அகழாய்வில் கல்மணி செய்த இடங்களும் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சமும் அங்கே கிடைத்திருக்கின்றன. உலை என்றால் கரி வேண்டும், கரி என்றால் மரம் வெட்ட ஆள் வேண்டும். சித்தி மகனுடைய பாத்திரம் அப்படித்தான் பிறந்தது: உலைக்குக் கரி சுட மரம் வெட்டும் ஒரு பெண். வணிகக் கூட்டத்துக்குக் காவலாகச் சேர்ந்தபோது அவள் கையில் இருந்தது கோடாலி மட்டும். பாத்திரம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவளை ஏழு சுற்று ஒரே சொல்லில் நிறுத்தி வைத்தது என் விதிகள்தான் என்பது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் விதிகளுக்கு அடிப்படை கர்ப்ஸ் என்ற அமெரிக்க விளையாட்டு. 2004ல் வந்த அதன் 4ஆம் பதிப்பிலிருந்து எடுத்து, தமிழில் சுருக்கி எழுதி வைத்திருக்கிறேன். மூன்று பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை உங்கள் திறன் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ வந்தால் வெற்றி. ஒரு சுற்று என்பது ஒரே ஒரு விநாடி. அந்த விளையாட்டில் கோடாலிக்கு வாளைவிட அடி ஒரு புள்ளி கூடுதல். அதற்கு விலையாக, கோடாலியால் வெட்டிய சுற்றில் அதே கோடாலியால் தடுக்க முடியாது. தலைப்பக்கம் கனமான ஆயுதம், வீசிய பிறகு உடனே திரும்பாது என்பதுதான் காரணம். நான் சுருக்கி எழுதியபோது இந்தக் காரணத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். கோடாலி வெறும் "கனமான வாள்" ஆகிப்போனது அங்கேதான்.

வாளுக்கும் கோடாலிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு விரலை வைத்தே பார்த்துவிடலாம். நல்ல வாளைப் பிடியிலிருந்து ஒரு சாண், அரைச் சாண் தள்ளி விரலில் வைத்தால் நிற்கும். கோடாலியை அப்படி நிறுத்தத் தலைக்குப் பக்கத்தில் போக வேண்டும். எடை முழுக்கக் கையை விட்டுத் தூரத்தில் இருக்கிறது. வீசுகிற வரைக்கும் அது உங்கள் சொல் கேட்கும். வீசி முடித்த பிறகு நீங்கள்தான் அதன் சொல் கேட்க வேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்லை, அப்புச்சி. அவருக்கு இப்போது எண்பத்தொன்று. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், பட்டுப்போன வெள்வேல மரம் ஒன்றை வெட்டிச் சாளைக்குப் பின்னால் கொண்டு வந்து போட்டிருந்தார்கள். எனக்குக் கோடாலி பிடிக்க ஆசை. பத்து தடவை வீசியிருப்பேன், கை மரத்துப்போனது. ஒவ்வொரு வீச்சின் கடைசியிலும் அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புச்சி பக்கத்தில் வந்து, "கண்ணு, அத நிறுத்தப் பாக்காத. போறது போகட்டும். நீயும் அதுகூட ஒட்டுக்காப் போ" என்றார். இறங்குகிற கோடாலியோடு முழங்காலை மடக்கி உடம்பையும் இறக்கிக் காட்டினார். காலை அகட்டி வைக்கச் சொல்லி, தன் வேட்டியை விலக்கி இடது முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினார். தவறிப்போன கோடாலி எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்தத் தழும்புதான் சாட்சி.

சரி, இதை விதியாக்குவது எப்படி? ஒட்டுப்பலகையில் ஒரு கோடாலித் தலை அறுத்து, நுனிக்கு வாழைநார் சுற்றி, எடைக்கு ஈயத் துண்டு வைத்துக் கட்டினோம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கம்பு எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் வெற்றுக்காற்றில் முழு வீச்சு வீச வேண்டும், பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஒருவன் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தான். ஓட்டிப் பார்த்தபோது, கம்பு சுழன்று மறுபடி மார்புக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. கோடாலி அப்போதும் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. அதை அங்கிருந்து நிறுத்தித் தூக்குவதற்குள் அண்ணனுக்கு இன்னொரு அடிக்கு நேரம் இருந்தது.

ஆனால் மூன்றாவது தடவை சித்தி மகன் கோடாலியை நிறுத்தவில்லை. அப்புச்சி எனக்குச் சொன்னது அவனுக்குத் தெரியாது, அவனாகவே அதைப் போக விட்டான். அது இடது பக்கம் கீழே போய், பின்னால் ஏறி, தோளுக்கு மேலே வட்டமாக வந்து மறுபடி வெட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டது. நிறுத்தித் தூக்கியதைவிட இது வேகம், கைக்கும் வலி இல்லை. ஆனால் அந்த வட்டம் முடிகிற வரைக்கும் அவனுக்கு முன்னால் எதுவுமே இல்லை, மார்பு முழுசாகத் திறந்து கிடந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "சுத்தி வர்றப்ப எடத்துல நிக்காத, கால மாத்து. நின்னீன்னா நான் குத்திருவேன்" என்றார். சிலம்பத்தில் கம்பு சுழலும்போதெல்லாம் காலடியும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் பாடம் கோடாலிக்கு இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது.

இதிலிருந்து வந்ததுதான் எங்கள் முதல் விதி. பெயர் "சுற்றி எடுத்தல்". வெட்டு தவறினால் ஆட்டக்காரர் உடனே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுத்துகிறேன் என்றால் உடல்பலத்துக்கு எதிராகப் பகடை. ஜெயித்தால் இந்தச் சுற்றிலேயே கோடாலியால் தடுக்கலாம், தோற்றால் அடுத்த சுற்று முழுக்க அதைத் தூக்குவதிலேயே போய்விடும். போக விடுகிறேன் என்றால் இந்தச் சுற்றில் கோடாலியால் தடுப்பே கிடையாது, விலகல் (உடம்பை நகர்த்தித் தப்புவது) மட்டும். ஆனால் பக்கவாட்டில் ஓரடி இலவசம், அடுத்த வெட்டின் அடிக்கு ஒரு புள்ளி கூடுதல். அடுத்த வெட்டு எந்தப் பக்கமிருந்து வரும் என்பதை எதிரிக்கும் சொல்லிவிட வேண்டும். கோடாலி சுற்றி வருவது எல்லார் கண்ணுக்கும் தெரியும்தானே, அதை மறைக்க முடியாது. அப்படித் தெரிந்திருந்தும் எதிரி என்ன செய்யப் போகிறான் என்பதில்தான் சண்டை ருசியாகிறது.

வெட்டு பட்டால் இன்னொரு சிக்கல். கணு உள்ள கட்டையில் கோடாலி மாட்டிக்கொண்டால் மேலே பிடித்து இழுத்து எடுக்க முடியாது. காம்பைக் கீழே அழுத்தி, மேலே தூக்கி, இரண்டு மூன்று தடவை ஆட்டினால் வாய் விட்டுக்கொடுக்கும். கேடயத்தில் மாட்டினாலும் அப்படித்தான் என்று வைத்தேன். மாட்டிக்கொண்ட சுற்றில் கோடாலிக்காரர் ஆட்டி எடுக்கலாம், அல்லது கேடயத்தோடு எதிரியையே அழுத்திக் கீழே கொண்டுபோகலாம். இரண்டாவதை இதுவரை ஒருவரும் செய்து பார்க்கவில்லை.

அடுத்தது கொக்கி. நான்கு வாரத்தில் இரண்டு வாரத்தை இதுதான் எடுத்துக்கொண்டது.

வடக்கு ஐரோப்பாவில் வைக்கிங் காலத்துக் கோடாலிகளில் ஒரு வகைக்கு வாயின் கீழ்மூலை தாடி மாதிரி நீண்டிருக்கும். அந்த ஊர் மொழியில் பெயரே தாடிக் கோடாலிதான். அந்தத் தாடியைக் கேடயத்தின் விளிம்பில் மாட்டி இழுத்துவிடலாம். காம்பில், ஆயுதத்தில், காலில்கூட மாட்டலாம். அப்புச்சி தூரத்தில் கிடக்கிற கட்டையைக் குனிந்து எடுக்கமாட்டார். கோடாலியின் கீழ்மூலையை அதில் பதித்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். தாடி இல்லாத நம்மூர்க் கோடாலியிலேயே அவ்வளவு முடிகிறது என்றால் தாடி உள்ளதில் எவ்வளவு முடியும்!

அண்ணன் கையில் பழைய முறத்தைக் கேடயமாகக் கொடுத்து முயன்றோம். மாட்டுவது சுலபம். மேல்விளிம்பில் மாட்டிக் கீழே இழுத்தால் முகமும் தோளும் தெரிகிறது. ஆனால் மாட்டி இழுத்தவனுக்கு அதனால் ஒன்றுமே கிடைக்கவில்லை. அவனுடைய இரண்டு கையும் இழுப்பதில் இருக்கின்றன, வெட்டுவதற்குக் கோடாலி கையில் இல்லை, கேடயத்தில் இருக்கிறது. போதாததற்கு அண்ணன் எதிர்த்து இழுக்கவே இல்லை. "நீ இழுத்தா நான் கூடவே வந்துருவேன்" என்று சொல்லிக்கொண்டே வந்து மார்பில் முட்டி நின்றார். கையில் ஒரு சூரிக்கத்தி இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று பகடைக்கு மொத்தம் 216 விதமான விழுச்சி. திறன் 12 என்றால் அதில் 160 விழுச்சி வெற்றி, நூற்றுக்கு 74. எதிரியின் கேடயத் தடுப்பு 11 என்றால் நூற்றுக்கு 62 தடவைக்குக் கொஞ்சம் மேல் தடுத்துவிடுவான். ஆக ஒரு வெட்டு உண்மையில் உடம்பில் படுவது நூற்றுக்கு 28 தடவைதான். கேடயம் விலகிப்போய், எதிரிக்கு விலகல் 8 மட்டும் மிச்சமிருந்தால் அதே வெட்டு 55 தடவை படும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதைப் பார்த்ததும், கொக்கி பிரமாதம் என்றுதான் நினைத்தேன். கொக்கி போடத் திறனில் 3 குறைத்து 9 என்று வைத்தேன். அப்புறம் இரண்டு பேராகக் கணக்குப் போட்டேன். இரண்டு பேரும் கொக்கி கிக்கி எதுவும் இல்லாமல் வெறுமனே வெட்டினால், ஒரு வெட்டாவது பட நூற்றுக்கு 48 வாய்ப்பு. ஒருவர் கொக்கி போட்டு மற்றவர் வெட்டினால் 38. கொக்கி போட்டால் நஷ்டம்! குறைப்பை 3லிருந்து 1 ஆக்கினாலும் 45தான், இன்னும் நஷ்டம்.

மூன்று பேர் என்று வைத்தபோதுதான் கணக்கு திரும்பியது. மூன்று பேரும் வெறுமனே வெட்டினால் 62. ஒருவர் 1 குறைப்போடு கொக்கி போட்டு, பின்னால் இரண்டு பேர் வெட்டினால் 68. குறைப்பு 3 என்றால் 60, அதாவது போடாமலிருப்பதே மேல். ஒரே ஒரு எண்ணை மாற்றுவதில் ஒரு வித்தை பிழைக்கிறது அல்லது சாகிறது. இந்தக் கணக்கு, முறத்தை வைத்துக்கொண்டு வாசலில் நாங்கள் பார்த்ததையே திருப்பிச் சொன்னது எனக்குப் பெரிய சந்தோஷம். கொக்கி தனியாள் வித்தை இல்லை. பக்கத்தில் ஈட்டியோடு இரண்டு பேர் நிற்கும்போது கோடாலிக்காரர் கதவைத் திறந்துவிடுகிறார், உள்ளே போகிறவர்கள் மற்றவர்கள்.

எனவே கொக்கிக்குக் குறைப்பு 1. கொக்கி விழுந்தால் எதிரியின் அடுத்த முறை வரும்வரை அவனுக்குக் கேடயம் இல்லை. ஆனால் கொக்கி தவறினால், அண்ணன் செய்தது போல எதிரி விரும்பினால் ஓரடி உள்ளே வந்துவிடலாம்.

உள்ளே வந்துவிட்டால் நீளக் காம்பு பாரம். அதற்குத்தான் கிட்டப்பிடி. மேல்கையைக் காம்பில் வழுக்கவிட்டுத் தலைக்கு அடியில் கொண்டுபோய்ப் பிடிப்பது. அப்போது கோடாலி ஒரு பெரிய கத்தி மாதிரி ஆகிறது. வீச்சின் பலம் போய்விடும், ஆனால் தடுக்கலாம், தள்ளலாம், பின்பக்கத்தால் முட்டலாம். அந்தப் பின்பக்கத்தை அப்புச்சி கோடாலியின் "பொடனி" என்பார். எங்கள் தாளிலும் "பொடனி அடி" என்றே எழுதியிருக்கிறோம். வெட்டுக் காயம் இல்லை, ஆனால் தலைக்கவசத்தின் மேல் விழுந்தால் எதிரி ஒரு சுற்று தடுமாறுவான். உயிரோடு பிடிக்க வேண்டிய ஆளுக்கும் இதுதான்.

காம்பின் அடிநுனியையும் மறந்துவிடக் கூடாது. 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பர்கண்டி நாட்டில், இரும்புக் கவசம் போட்ட வீரர்கள் நீளக் கோடாலியால் சண்டை போடும் முறையை ஒரு சுவடியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் தலையைப் போலவே வாலுக்கும், அதாவது அடிநுனிக்கும், பெரிய இடம். அதை முன்னால் நீட்டித் தடுப்பது, முகத்தை நோக்கிக் குத்துவது எல்லாம் வருகிறது. இதைச் சொன்னதும் அண்ணன் ஆச்சரியப்படவே இல்லை. "கம்புக்கு ரெண்டு நுனி இருக்குதுங்கறத மறந்தவன் கம்பே எடுக்கக் கூடாது" என்றார். அவருடைய ஆசான் சொல்லிக் கொடுத்த முதல் பாடமாம்.

எறிவதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். 6ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பிராங்க் இன வீரர்கள் முதல் பாய்ச்சலில் கோடாலியை எறிந்து எதிரியின் கேடயத்தை உடைத்ததாக அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதியிருக்கிறார். அவர்களுடைய கோடாலி அதற்கென்றே செய்த சின்னக் கோடாலி. மரம் வெட்டுகிறவள் தன்னிடமுள்ள ஒரே கோடாலியை எறிந்தால் அப்புறம் வெறுங்கை. எறியலாம், எங்கள் விதி தடுக்கவில்லை. தூரம் சரியாக இல்லாவிட்டால் சுழன்று போய்க் காம்புதான் படும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தையும் திருத்தினேன். விறகு பிளக்கும் கோடாலியும் சண்டைக் கோடாலியும் ஒன்று இல்லை. விறகுக் கோடாலியின் தலை ஆப்பு மாதிரி தடிமன். கட்டையைப் பிளக்க அந்தத் தடிமன் வேண்டும். சண்டைக்கு அது தேவையில்லாத பாரம். 1066ல் ஹேஸ்டிங்ஸ் போரில் ஆங்கில வீரர்கள் இரண்டு கையால் வீசிய டேனியக் கோடாலிகளின் வாய் அகலமாக இருந்தாலும் தகடு மெலிது. அந்தப் போரைத் தைத்துக் காட்டும் பாயோ துணிச்சித்திரம் கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளம். அதில் ஒரு வீரனின் கோடாலி குதிரையின் தலையிலேயே இறங்கியிருக்கும். நம் கோயில்களில் சிவன் மேல்கையில் பிடித்திருக்கும் மழுவைப் பாருங்கள். சின்னத் தலை, குட்டைக் காம்பு, விரல்களுக்கு நடுவே லேசாக நிற்கும். விறகு வெட்டுகிற கனம் அதில் இல்லவே இல்லை. எனவே எங்கள் கரிக்காரப் பெண்ணுக்குக் கதையில் ஒரு வேலை வைத்தேன்: கொடுமணல் கொல்லரிடம் போய்த் தலையை மெலிசாக அடித்து வாங்க வேண்டும். அதுவரை அவள் திறனில் 1 குறைவு, மரக்கேடயத்தைப் பிளக்கும்போது மட்டும் அடிக்கு 1 கூடுதல்.

கடைசியாகக் காம்பு. 1314ல் பானக்பர்ன் போரின் முதல் நாள், ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ்மேல் ஹென்றி டி போஹுன் என்ற ஆங்கில வீரன் ஈட்டியோடு குதிரையில் பாய்ந்து வந்தான். புரூஸ் விலகி, கோடாலியால் ஒரே வெட்டில் அவன் தலையைப் பிளந்தார். காம்பு முறிந்தது. தனியாக இப்படி உயிரைப் பணயம் வைக்கலாமா என்று தளபதிகள் கடிந்துகொண்டபோது, நல்ல கோடாலி போயிற்றே என்றுதான் அவர் வருத்தப்பட்டாராம். இதை அப்புச்சியிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டவர், "மனுசன் கோடாலி பிடிச்சுப் பழகுனவன்" என்றார்.

தலை தேய்ந்தால் கொல்லுப்பட்டறையில் அடித்துத் தோய்த்து வாங்கிவிடலாம். கைக்குப் பழகிய காம்பு திரும்பக் கிடைக்காது. அப்புச்சி ஊஞ்ச மரத்துக் காம்புதான் போடுவார். வெயில் காலத்தில் காம்பு வற்றித் தலை ஆட ஆரம்பித்தால், ராத்திரி தண்ணீர்த் தொட்டியில் கோடாலியை முக்கி வைத்துவிடுவார். காலையில் மரம் ஊறித் தலையை இறுக்கிப் பிடித்திருக்கும். இவை எல்லாம் விதிக்குள் வந்துவிட்டன. பகடையில் 17 அல்லது 18 விழுந்தால், 216ல் நான்கே தடவை வரும் விழுச்சி அது, இதுவரை "ஆயுதம் நழுவியது" என்று பொதுவாகச் சொல்வோம். இப்போது கோடாலிக்கு மட்டும் தனி: காலை அகட்டி நிற்காதவருக்குத் தன் முழங்காலுக்குக் கீழே காயம், அகட்டி நின்றவருக்குக் காம்பில் விரிசல். விரிசல் விட்ட காம்பு அடுத்த முழுப்பல வெட்டில் முறியும்.

இந்த ஞாயிறு ஆடினோம். நொய்யலைக் கடக்கும் இடம், முழங்கால் ஆழத் தண்ணீர், அக்கரையில் கேடயத்தோடு ஆறு புளியங்கொட்டை. சித்தி மகன் முதல் சுற்றில் வெட்டினான், தவறியது, "போக விடுறேன்" என்றான். பக்கவாட்டில் ஓரடி நகர்ந்ததால் அவனைக் குறி வைத்திருந்த ஈட்டி தண்ணீரில் இறங்கியது. சுற்றி வந்த இரண்டாவது வெட்டைக் கேடயம் தாங்கியது. மூன்றாவது சுற்றில் அவன் வெட்டவில்லை. இரண்டு சிநேகிதர்களையும் பார்த்து, "நாஞ் சொல்றப்ப வாங்கடா" என்றுவிட்டுக் கொக்கி போட்டான். பகடையில் 10. கேடயம் இறங்கியது. முதல் ஈட்டியை அந்த ஆள் விலகித் தப்பித்தான், இரண்டாவது பட்டது. கயிற்றுக் கட்டிலே ஆடுகிற அளவுக்குக் கத்தினார்கள். ஒரு மணி நேரம் நடந்த சண்டையில் "வெட்டுறேன்" என்ற சொல்லை அவன் நான்கு தடவைதான் சொன்னான். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

சத்தம் கேட்டு அப்புச்சி கட்டுத்தரையிலிருந்து வந்து பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அடங்கினதும் சித்தி மகனுடைய தாளைக் கையில் வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, தூரத்தில் வைத்து, முழுசாகப் படித்தார்.

"ஏஞ் சாமி, இவ கோடாலிக்குக் காம்பு என்ன மரம்னு எழுதலியே?"

சித்தி மகன் பேனாவைத் தேடினான்.